நிற்கிற காருக்குள் இளஞ்சூடு

பின் இருக்கையில் இருக்கிற காபிக் கறை என் கைவேலை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, எதிரே உட்கார்ந்து, போனை மேஜைமேல் வைத்து நான் பேசுவதைப் பதிவு செய்கிறீர்கள். எடுத்த எடுப்பிலேயே பெரிய விஷயம் என்றால் இருவருக்குமே சங்கடம். கறையில் தொடங்கலாம்.

பட்டறைக்குள் காபி கொண்டுவரக் கூடாது என்று சுவரில் ஒரு பலகை இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். அதை ஆணியடித்து மாட்டியவன் நான். அன்று அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் அந்தச் சின்ன நீல மின்சாரக் கார் நின்றது. ஒரு கையில் காபி, மறு கையில் டார்ச்சுடன் பின்னால் ஏறி உட்கார்ந்து, இருக்கைக்கு அடியில் இருக்கும் காற்று வடிகட்டியைக் குனிந்து பார்த்தேன். ஆள் குனிந்தால் கோப்பையும் குனியும் என்பது என் வயதுக்காரனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நுரை போட்டுக் கழுவினேன். காய வேண்டுமே. காய்வதற்கு ஹீட்டர் ஓடவேண்டும். ஹீட்டர் ஓடுகிற காருக்குள் நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மேற்பார்வையாளர் காரணம் கேட்பார். அதனால் என் போனை அந்தக் காரோடு சேர்த்தேன். செயலி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கே இருந்தாலும் போனிலேயே கதவைப் பூட்டலாம், உள்ளே எத்தனை டிகிரி என்று பார்க்கலாம், ஹீட்டரைப் போடலாம். வேலை நடக்கும்போது உரிமையாளரைக் கேட்டுவிட்டு எங்கள் போனையும் சேர்த்துக்கொள்வோம்; வண்டியை ஒப்படைக்கும்போது நீக்கிவிடுவோம். பட்டறை வழக்கம் அது. நான் கேட்கவுமில்லை, நீக்கவுமில்லை. ஒரு பாதியைச் செய்து மறு பாதியை விட்டவன் என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

உதிரிபாக அறையில் உட்கார்ந்தபடியே இருக்கையைக் காயவைத்தேன். ஈரம் போயிற்று, கறை போகவில்லை. காரின் சொந்தக்கார அம்மாள் வண்டியை எடுக்க வந்தபோது, துணியில் இருக்கும் இயற்கையான நிறபேதம் பற்றி ஒரு சிறிய சொற்பொழிவு தயாராக வைத்திருந்தேன். அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"காபியா?"

"ஆமாம்மா."

"சக்கரை போட்டதா?"

"ரெண்டு ஸ்பூன்."

"அப்ப எறும்பு வரும். நான் தொடைச்சுக்கறேன், விடுங்க." பிறகு கறையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு ரெண்டு ஸ்பூன்? கண்ணுக்குக் கீழ இப்படி வீங்கியிருக்கு. சுகர் கடைசியா எப்பப் பார்த்தீங்க தம்பி?"

அவர் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தவர். அதனால் அது தொழில் பழக்கத்தில் வந்த கேள்வி என்று இப்போது எனக்குப் புரிகிறது. அன்று அப்படிப் படவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பட்டறையில் எனக்குப் பெயர் ரேடியோ. யாரும் கேட்காவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால். குடியிருப்பது ஒரு சலவைக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில். கீழே இயந்திரங்கள் சுற்றும்போது என் கட்டில் மெல்ல மெல்ல நகரும். நான் வீடு திரும்பும்போது அது ஜன்னலோரம் போயிருந்தால் அன்று கடையில் நல்ல கூட்டம் என்று தெரிந்துகொள்வேன். எனக்காக வீட்டில் நகர்ந்து வருவது அது ஒன்றுதான். மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஏன் போகிறாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லாததற்கு எதற்கு இரண்டு பெட்டி என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

சரி, கார்.

சாயங்காலங்களில் செயலியைத் திறந்து பார்ப்பேன். 'உள்ளே இருபத்தொரு டிகிரி. பூட்டப்பட்டுள்ளது.' அவ்வளவுதான் இருக்கும். உளவு பார்த்தேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று நாம் பார்ப்பதில்லையா, அதைப்போல. எரிந்தால் ஒரு நிம்மதி. அந்த வீட்டுக்காரர்களுக்கு நம்மைத் தெரியவேண்டும் என்றுகூட இல்லை.

முதல் முறை ஹீட்டரைப் போட்டது நல்லெண்ணத்தில். நல்ல குளிர்காலை, அவர் கடைக்குக் கிளம்பும் நேரம். கதவைத் திறந்ததும் உள்ளே இளஞ்சூடாக இருந்தால் எவ்வளவு சுகம். யாராவது எனக்கு அப்படிச் செய்தால் நான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்து அழுதிருப்பேன். அவர் அழவில்லை. நேராகப் பட்டறைக்கு ஓட்டி வந்தார்.

"தம்பி, வண்டி தன்னால சூடாகுது. நிறுத்திட்டுப் போறேன், வந்து பார்த்தா அடுப்பு மாதிரி இருக்கு."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உக்காருங்கம்மா, பார்க்கறேன்" என்று வந்தது. காற்றழுத்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும், அதில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

"ரேடியோன்னு கூப்பிடறாங்களே, என்ன ஸ்டேஷன்?"

"ஸ்டேஷனே கிடையாதும்மா. வெறும் இரைச்சல்."

"அப்ப ஆண்டெனாவை நிமித்து. முதுகு இப்படிக் கூனினா எந்த ஸ்டேஷன் வரும்?"

நீங்களிலிருந்து நீ ஆகியிருந்தேன். அன்று மத்தியானம் முழுக்க இருந்தார். எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது: கார் சூடானால் அவர் வருகிறார்.

நிற்கிற மின்சாரக் கார் தானாகச் சூடாவதற்கு நியாயமான காரணங்கள் பல உண்டு. கிளம்பும் நேரத்தை யாராவது முன்கூட்டிக் குறித்துவைத்திருக்கலாம். கார் அதற்கு முன்னாலேயே தன்னைச் சூடுபடுத்திக்கொள்ளும். கைப்பைக்குள் சாவியின் பொத்தான் எதிலாவது அழுந்தலாம். உள்ளே இருக்கும் வெப்ப உணரி தூசிபடிந்து, குளிராத வண்டியைக் குளிர்கிறது என்று சொல்லலாம். மென்பொருள் கிறுக்குத்தனம் செய்யலாம். சோதனைக் கருவியைச் செருகி, இவை எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் பார்த்து முடித்துவிடலாம். நான் ஒரு வருகைக்கு ஒன்று என்று பார்த்தேன். இருக்கிற சோற்றை நாள் கணக்குக்குப் பங்கிட்டுச் சாப்பிடுகிறவனைப்போல.

இதை உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு சோதனையையும் ஒழுங்காகவே செய்தேன். சாவியின் பேட்டரியை மாற்றினேன். உணரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். அந்த வண்டி அந்த ஊரிலேயே மிக ஆரோக்கியமான வண்டி. சரிசெய்து அனுப்பிவிட்டுச் சில நாள் பொறுப்பேன். பிறகு நாற்காலி காலியாகவே கிடப்பதைப் பார்ப்பேன். பிறகு பொத்தானைத் தட்டுவேன்.

வந்தால் என்ன பேசுவார் என்கிறீர்களா? கடையைப் பற்றித்தான். மருந்துப் பெயரை எடுக்கும்போது ஒரு தரம், கொடுக்கும்போது ஒரு தரம் வாய்விட்டுப் படிப்பாராம். "இத்தனை வருஷத்துல ஒரு மாத்திரை மாறினதில்ல. என் வீட்டுக்காரர் பேரை மாத்திக் கூப்பிட்டிருக்கேன், மாத்திரை மாறினதில்ல" என்பார். கடைக்கு வர முடியாதவர்களுக்கு வியாழக்கிழமை மத்தியானம் அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். மாடிப்படி இறங்க முடியாத பழைய பஸ் டிரைவர் ஒருவருக்கு இன்சுலின். இன்சுலினுக்குச் சூடு ஆகாது, கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அவர் ஒரு வீட்டில் மாத்திரை கொடுக்கப் போன இடத்தில் பேச்சு நீண்டிருக்கிறது. திரும்பி வந்தபோது ஹீட்டர் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெயிலும் சேர்ந்துகொண்டது. இன்சுலின் பெட்டியைக் கையில் எடுத்தால் வெந்நீர்ப் பைபோல இருந்திருக்கிறது. அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போய்ப் புதிதாக எடுத்துவந்து கொடுத்தார். டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று வியாழன் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். காரில் என்ன இருக்கும் என்றும் தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான். தெரிவது வேறு, யோசிப்பது வேறு. அவர் பட்டறைக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மறுநாள் மகளோடு வந்தார். மகள் ஊரின் இன்னொரு கோடியில் இருப்பவர். வேகமாகப் பேசுவார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கெட்டவர் இல்லை. அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் உதவி மையத்தில் விசாரித்துவிட்டே வந்திருந்தார். வண்டியில் கோளாறு எதுவுமில்லை, ஒவ்வொரு முறையும் ஹீட்டர் செயலி வழியாகத்தான் போடப்பட்டிருக்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். யாருடைய போனிலிருந்து என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மற்றபடி சரியான தகவல். உங்கள் ஆட்களைக் குறை சொல்லமாட்டேன்.

"அப்படின்னா அம்மா போன்லருந்துதானே போயிருக்கணும்? நீங்கதானே இத்தனை நாளா இந்த வண்டியைப் பார்க்கறீங்க, நீங்க சொல்லுங்க" என்றார் மகள்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். போனைக் கொடுங்கள் என்று வாங்கினேன். செயலியில் 'பயன்படுத்துவோர்' என்று ஒரு பக்கம் உண்டு. என் பெயர் அதில் இருந்தது. யாரும் அதைத் திறப்பதில்லை. அதற்கு முந்தைய பக்கம்வரை ஒவ்வொன்றாகத் திறந்து, பொறுமையாக விளக்கிக் காட்டினேன். நான் பொய் சொல்லவில்லை. "செயலியிலருந்துதான் போயிருக்கு" என்றேன். அது உண்மை.

அந்த அம்மாள் அன்று நாற்காலியில் உட்காரவில்லை. மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நானா போட்டேன்?"

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகத்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

"வயசானா இதெல்லாம் சகஜம்தாம்மா."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மருந்துச் சீட்டைப் படித்து முடித்ததும் ஆட்டுவாரே, அப்படி.

அன்றே மகள் அம்மாவின் போனிலிருந்து செயலியை எடுத்துவிட்டார். இந்த இடத்தை நீங்கள் நிதானமாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் இதை உங்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அம்மாவின் போனில் செயலி இல்லை. அதற்குப் பிறகும் அந்தக் கார் ஒரே ஒரு முறை சூடாகியிருந்தால் போதும், போட்டது அவரில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும். என் போனில் பொத்தான் அப்படியே இருந்தது. ஒரு தட்டு. என் பெயர்கூட வெளியே வந்திருக்காது. மென்பொருள்மேல் பழியைப் போட்டிருப்பார்கள், நானே போட்டிருப்பேன். அத்தனை நாள் காரணமில்லாமல் தட்டிய விரல், காரணம் வந்த அன்று ஓய்வெடுத்துக்கொண்டது.

நான் நிறுத்திவிட்டேன். இனி அவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்றுதான் நிறுத்தினேன். கார் சூடாவதும் நின்றது. "பார்த்தியாம்மா, போன்லருந்து எடுத்ததும் நின்னுடுச்சு" என்று மகள் சொன்னாராம். டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். படங்களைக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்களாமே, அந்தச் சோதனை. பயந்துபோய் இருப்பவருக்கு எத்தனை படம் ஞாபகம் இருக்கும்? ஆரம்ப நிலையாக இருக்கலாம், கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

கடைசியாகப் பட்டறைக்கு வந்தபோது பஸ்ஸில் வந்திருந்தார், கார் சாவி மகளிடம் போயிருந்தது. சொல்லிவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார்.

"கடையைக் கைமாத்திட்டேன் தம்பி. மக வீட்டோட போறேன்."

"ஏம்மா, நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

"ஓடுச்சு. ஹீட்டர் போட்டது ஞாபகம் இல்லாதவ, மாத்திரையை எப்படி நம்பி எடுத்துக் குடுக்கறது? ஒருத்தருக்கு மாறிப்போனா? அன்னிக்கு அந்த இன்சுலினை மட்டும் நான் தொட்டுப் பார்க்காம குடுத்திருந்தா?" சிரித்தார். "வண்டிக்காவது கோளாறு இல்லைன்னு தெரிஞ்சுதே. நான் உன்னை எவ்வளவு அலைக்கழிச்சிருக்கேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பெருந்தன்மையாக, "பரவாயில்லம்மா, நல்ல முடிவுதான்" என்றேன்.

அதன் பிறகு நாற்காலியில் பழைய டயர் ஒன்றை வைத்தேன். காலியாக இருப்பதைவிட அது பரவாயில்லை. செயலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வரைபடத்தில் கார் மகள் வீட்டிலேயே நின்றது. நகரவே இல்லை. பேட்டரி நாளுக்கு நாள் துளித்துளியாக இறங்கியது. உள்ளே பதினெட்டு டிகிரி, பதினேழு டிகிரி. பூட்டப்பட்டுள்ளது.

யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். நானாகத்தான் போய்ச் சொன்னேன். மனசாட்சி என்று போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்னொரு கணக்கும் இருந்தது. உண்மை தெரிந்தால் அவருக்குக் கார் திரும்பக் கிடைக்கும். கார் கிடைத்தால் சர்வீசுக்கு வந்துதானே ஆகவேண்டும். கோபித்துக்கொள்வார், திட்டுவார், பிறகு பிஸ்கட்டை எடுப்பார் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

மகள் வேலைக்குப் போயிருந்த நேரம். அவரே கதவைத் திறந்தார். முன்னறைச் சாப்பாட்டு மேஜையில் மாத்திரைப் பெட்டி ஒன்று இருந்தது, காலை, மதியம், இரவு என்று தனித்தனி அறை வைத்தது. மகள் நிரப்பிவைத்துவிட்டுப் போவாராம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மதியத்து அறையைத் திறந்து, உள்ளே இருந்ததை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். எடுத்துப் பார்க்கவில்லை. பெயரைப் படிக்கவில்லை.

உங்களிடம் சொன்ன வரிசையிலேயே அவரிடமும் சொன்னேன். கறை, போன், இளஞ்சூடு, நாற்காலி. வியாழக்கிழமை. தட்டாத தட்டு. நடுவில் இரண்டு இடத்தில் நகைச்சுவையாகச் சொல்லவும் முயன்றேன். நான் முடித்ததும் அவர் கையை நீட்டினார்.

"எங்க இருக்கு அந்தப் பட்டன்? காட்டு."

போனைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதில் இருந்த வார்த்தையை வாய்விட்டுப் படித்தார். பிறகு தட்டினார். எழுந்து ஜன்னலைத் திறந்தார். நாங்கள் இருந்தது முதல் மாடி. கீழ்த்தளத்தில் நின்ற காரிலிருந்து மின்விசிறி சுழல ஆரம்பிக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. அது ஓடி முடிகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

என்னால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ரேடியோ இல்லையா. எனக்கு வேண்டியிருந்ததைக் கேட்டேன். பிற்பாடு இதே கேள்வியை மேற்பார்வையாளரிடம் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார். மகளிடம் போனில் கேட்டேன், வைத்துவிட்டார். நீங்கள் பதில் சொல்கிற வேலையில் இல்லை.

"ஏம்மா, நான் பட்டனைத் தட்டினேன், அது தப்பு. ஆனா கடையை விடச் சொன்னது நான் இல்லையே? உங்க மக சொன்னாங்க, டாக்டர் சொன்னார், உதவி மையத்துல சொன்னாங்க. அவங்க சொன்னதாலதானே விட்டீங்க?"

அவர் திரும்பினார். கோபம் இல்லை. கடையில் யாராவது சந்தேகம் கேட்டால் எப்படிச் சொல்வாரோ, அப்படித் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மக சொன்னப்போ சண்டை போட்டேன். டாக்டர் சொன்னப்போ சிரிச்சேன். நீ சொன்னப்பதான் நம்பினேன். என்கிட்ட பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லாத ஆள் நீ ஒருத்தன்தானே இருந்த."